புகையை விட்டவருக்கு வந்த பயம்

தோ கில்சூ சிகரெட்டை விட்ட வருடம்தான் அவருக்குப் பயம் வந்தது.

அதற்கு முன் எதற்குமே பயப்படாதவர் என்று சொல்ல மாட்டேன். மனைவி மல்சுன்னுக்குப் பயப்படுவார், பல் டாக்டருக்குப் பயப்படுவார். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எல்லாவற்றையும் கீழேயே இறக்கிவிட்டுவிடுவார். பூசானின் மலைச்சரிவுச் சாலையில் பஸ் ஓட்டுகிறவருக்கு அந்தத் துணிச்சல் இல்லாமல் முடியாது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் அடுத்தவர் வீட்டு மொட்டைமாடி, சரியாகச் சாலை மட்டத்தில். மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட மிளகாய், சில இடங்களில் நிறுத்திவைத்த கார். அதற்குக் கீழே இன்னொரு மாடி, அதற்கும் கீழே இன்னொன்று, கடைசியில் துறைமுகமும் கப்பல்களும். சக்கரம் ஒரு முழம் விலகினால் யார் வீட்டுச் சமையலறையில் போய் நிற்போம் என்று தெரியாது. அந்தச் சாலையில் கில்சூ இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். தினமும் அதில் போய்வந்த எங்களுக்கெல்லாம் அவர் முகத்தைவிட அவர் பிடரிதான் நன்றாகத் தெரியும். ஓய்வு வயதுவரை அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சிகரெட்டை விடச் சொன்னது கம்பெனி. டிரைவர்கள் மேல் புகை நாற்றம் அடிக்கிறது என்று பயணிகளிடமிருந்து புகார்கள் வந்தன. வட்டார அலுவலகம் 'புகையில்லாப் பணிமனை' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜெயிக்கும் கம்பெனிக்குப் பித்தளைப் பலகை. மேலாளர் பாங்குக்கு அந்தப் பலகை மேல் கண். காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கில்சூவைப் பிடித்துக்கொண்டார்.

"தோ டிரைவரே, நீங்கதான் மூத்தவர். நீங்க விட்டாத்தான் மத்தவன் விடுவான்."

"நான் விட்டா என் பங்கையும் சேர்த்து அவனுங்க பிடிப்பானுங்க சார்."

கூட்டமே சிரித்தது. அதிகம் சிரித்தவன் தாக் சாங்போக். கில்சூவுக்கு அடுத்த பஸ்ஸை ஓட்டுகிறவன், பத்து வயது இளையவன், வாய் ஓயாதவன். ஆனால் கில்சூ உண்மையிலேயே விட்டுவிட்டார். சுகாதார நிலையத்தில் கொடுத்த நிகோடின் பட்டையைக் கையில் ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். பலகை வந்தது. அதன் பக்கத்தில் கில்சூவின் படத்தையும் மாட்டினார்கள். மற்றவர்கள் பஸ் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பிடித்தார்கள்.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர்கள் ஓய்வெடுக்க ஒரு பழைய கண்டெய்னர் உண்டு. ஒவ்வொரு நடைக்கும் இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் முன்பெல்லாம் அவருடைய ஒரு கையில் சிகரெட், மறு கையில் காகிதக் கோப்பை. இப்போது ஒரு கை சும்மா இருந்தது. சும்மா இருக்கும் கை இன்னொரு கோப்பையை எடுக்கும். அந்தக் கோப்பையில் இருப்பது மிக்ஸ் காபி: நீளமான சின்ன உறைக்குள் காபித்தூள், பால்பொடி, சர்க்கரை எல்லாம் ஒன்றாக. உறையைக் கிழித்துக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, அந்தக் காலி உறையாலேயே கலக்கிக் குடிக்க வேண்டியதுதான். கம்பெனி இலவசமாகப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டிருந்தது. சம்பளத்துக்கு அடுத்தபடி கம்பெனி மனமாரக் கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

முதல் தடவை வந்தது வசந்தத்தில், பொதுக் குளியல்கூடத்துப் பக்கம் இருக்கும் வளைவில். வெயில் நன்றாக அடித்தது, பஸ்ஸில் பாதிதான் கூட்டம். திடீரென்று உள்ளங்கை நனைந்து ஸ்டியரிங் வழுக்கியது. நெஞ்சு மத்தளம்போல் அடித்தது. மூச்சு கழுத்தோடு நின்றது. கீழே தெரிந்த மாடிகள் எல்லாம் தன்னை நோக்கி மேலே வருவதுபோல் இருந்தது அவருக்கு. அடுத்த நிறுத்தத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கடைசி நிறுத்தம்வரை ஊர்ந்தே போனார்.

"என்ன அண்ணே, மூஞ்சி டோஃபு மாதிரி வெளுத்துக் கிடக்கு?" என்றான் சாங்போக்.

"கை நடுங்குதுடா. நெஞ்சு அடிச்சுக்குது."

"சாப்டீங்களா?"

"பன்றிக்கறி சூப்பும் சோறும். வயிறு முட்ட."

"அப்ப சர்க்கரை இறங்கிடுச்சு. உக்காருங்க. ரெண்டு உறை சேர்த்துப் போட்டுத் தர்றேன்."

எங்கள் ஊரில் உடம்புக்கு என்ன வந்தாலும் முதல் தீர்ப்பு இதுதான். கொட்டாவி வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது. எரிச்சல் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும் சர்க்கரைதான். யாரும் ஊசி குத்திப் பார்த்ததில்லை. மருந்து மட்டும் எல்லோருக்கும் தெரியும்: இனிப்பாக ஒரு மிக்ஸ் காபி. உட்கார்ந்து சூடாகக் குடித்ததில் கில்சூவுக்கு நடுக்கம் குறைந்ததுபோல்தான் இருந்தது. அடுத்த நடையில், பாதி மலை ஏறும்போது, முன்னைவிட மோசமாக வந்தது. ஒரு கோப்பை போதவில்லை என்று அவர் முடிவு செய்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கோடை முழுக்க இப்படியே போனது. தூக்கம் கெட்டது. தூக்கம் கெட்டதால் காலையில் தலை கனத்தது. தலை கனத்ததால் இன்னும் ஒரு கோப்பை. மல்சுன் வேறு காரணம் கண்டுபிடித்தாள்.

"சிகரெட்டுப் பிசாசு சும்மா போகுமா? போறப்ப ஒரு உதை உதைச்சுட்டுத்தான் போகும். பொறுத்துக்கோங்க, யேரிம் அப்பா."

மகள் யேரிம் சியோலில் வேலையில் இருந்தாள். போனில் அவளும் அதையே சொன்னாள். மூலிகை வைத்தியர் நாடி பார்த்து, கல்லீரலில் நெருப்பு ஏறியிருக்கிறது என்றார். தங்கத்தாள் சுற்றிய கறுப்பு உருண்டைகளைக் கொடுத்தார். கில்சூ அதை மென்று, கசப்புப் போக மிக்ஸ் காபி குடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "இதயம் நல்லா இருக்கு. உங்க வயசுக்கு ரொம்பவே நல்லா இருக்கு. சிகரெட்?"

"விட்டுட்டேன்."

"பிரமாதம். காபி?"

"எல்லாரும் குடிக்கிற அளவுதான்."

அது பொய் இல்லை. அந்தக் கண்டெய்னரில் எல்லோரும் அவ்வளவு குடித்தார்கள். டாக்டரின் மேசையிலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் குவளையில் ஐஸ் காபி வியர்த்துக்கொண்டிருந்தது. "மன அழுத்தமா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"அப்ப மனசு டாக்டரைத்தான் பாக்கணும்" என்றாள் மல்சுன்.

"அந்த வாசல்ல கால் வச்சா என் ஸ்டியரிங் போயிடும். பைத்தியக்காரன்கிட்ட எவன் பஸ்ஸைக் கொடுப்பான்?"

"உங்கள யாரு பைத்தியம்னு சொன்னா?"

"இன்னும் யாரும் சொல்லல. அப்படியே இருக்கட்டும்."

இலையுதிர்காலக் கடைசி, வீடுகளில் குளிர்காலத்துக்குக் கோசு ஊறுகாயான கிம்ச்சி போடும் வாரம். பஸ் முழுக்க முட்டைக்கோசு மூட்டைகள். நடைபாதையில் மூட்டை, மூட்டை மேல் பை, பை மேல் ஒரு அம்மாவின் கால். குளியல்கூட வளைவுக்குள் பஸ் திரும்பியபோது கில்சூவுக்கு அது வந்தது, இதுவரை வராத அளவுக்கு. பஸ் சரியப்போகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கை பிரேக்கை இழுத்தார். சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் ஒடித்து வைத்தார். எச்சரிக்கை விளக்கைப் போட்டார். செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! பஸ் கீழ போகப்போகுது!"

கூச்சலும் தள்ளுமுள்ளுமாக எல்லோரும் இறங்கினார்கள். ஒருவருக்கு முழங்கால் சிராய்த்தது. ஒரு மூட்டை அவிழ்ந்து முட்டைக்கோசுகள் சரிவில் உருண்டன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் அசையாமல் நின்றது. கில்சூ சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்தார்.

"பஸ் எங்கயும் போகலையே. டிரைவர்தான் போயிட்டாரு" என்றான் ஒருவன்.

"என் கோசுக்கு யாருய்யா பதில் சொல்றது? உப்பு போட்டு ஊறவச்ச கோசு!"

"காலையிலேயே ஏத்திட்டானா?"

"சும்மா இருங்கய்யா, மனுசன் சாகுற மாதிரி இருக்கான்." கருவாட்டுக் கடைக்காரி ஒருத்தி, தனக்கு வாங்கி வைத்திருந்த டப்பாக் காபியைத் திறந்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க, குடிங்க. சர்க்கரை இறங்கியிருக்கும்."

கில்சூ இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து நன்றி சொல்லி, ஒரே மூச்சில் குடித்தார்.

அதையும் யாரோ போனில் படம் பிடித்தார்கள். நடுச்சாலையில் பயணிகளைத் தவிக்கவிட்டுவிட்டுக் காபி குடிக்கும் டிரைவர். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது.

மேலாளர் பாங் அடுத்த நாள் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கொஞ்ச நாள் லீவு எடுங்க. ஓட்டத் தகுதின்னு ஒரு டாக்டர் சான்று கொண்டுவாங்க. அடுத்த நாளே சாவி உங்க கையில. என் வாக்கு" என்றார்.

அந்த வாக்குக்காகத்தான் கில்சூ கடைசியில் அந்த வாசலில் கால் வைத்தார். அங்கே இருந்தவர் மோ என்ற பெண் டாக்டர். அவசரப்படாதவர். எத்தனை கோப்பை என்று கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் போவது ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். கில்சூ சொல்லச் சொல்ல மோவின் முகம் மாறியது.

"சிகரெட்டை விட்டதுக்கு முன்னாடியும் இவ்வளவு குடிச்சீங்களா?"

"கொஞ்சம் கம்மி. ஆனா குடிச்சேன். அப்ப ஒண்ணும் பண்ணல டாக்டரம்மா."

"அதுதான் விஷயம்" என்றார் மோ. அவர் விளக்கியதை கில்சூ மனப்பாடமாக வைத்திருந்தார். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை வேலை செய்கிறது. வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் அதில் சேர்கிறது. மூளையின் உயிரணுக்களில் அதற்கென்று இருக்கைகள் உண்டு. அது போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தால், போதும், மெல்லப் போ என்று மூளைக்குச் சேதி போகும். காபியில் இருக்கும் கஃபீன் பார்க்க அடினோசின் மாதிரியே இருக்கும். முந்திக்கொண்டு போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிடும். உட்காருமே தவிரச் சேதி சொல்லாது.

"டிக்கெட் இல்லாம சீட்டப் பிடிச்சுக்குற ஆள் மாதிரியா?" என்று கேட்டார் கில்சூ.

"அந்த ஆளேதான். காபி தெம்பு கொடுக்கல. களைப்புச் சேதியை மறிக்குது, அவ்வளவுதான். உங்க மூளைக்கு பிரேக் பிடிக்க ஆளில்ல. உடம்ப உசுப்புற ரசாயனமெல்லாம் இஷ்டத்துக்கு ஓடும். அட்ரினலின் ஏறும். நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும். புலியைப் பாத்தா உடம்பு என்ன செய்யுமோ அதையே செய்யும். மூளையில பயத்துக்குன்னு காவல் காக்குற ஒரு இடம் இருக்கு. அது உடனே, புலி எங்கன்னு தேடும். நீங்க வீட்ல சோபாவுல இருந்தா ஒண்ணும் சிக்காது. நீங்க இருந்தது அந்த வளைவுல."

"மாடி தெரிஞ்சுது."

"மாடிதான் புலின்னு முடிவு பண்ணிடுச்சு. அப்புறம் அந்த வளைவைப் பாக்குறப்பல்லாம் தானாவே கத்த ஆரம்பிச்சுடுச்சு."

"சரி. சிகரெட்டுக்கும் இதுக்கும் என்ன?"

"கஃபீனைக் கரைச்சு வெளியேத்துறது கல்லீரல். சிகரெட் புகையில இருக்குற சில பொருள்கள் அந்த வேலையை வேகமாக்கும். நிகோடின் இல்ல, புகை. அதனால பட்டை ஒட்டினதுல பலன் இல்ல. புகை நின்னதும் கல்லீரல் பழைய வேகத்துக்கு இறங்கிடுச்சு. அதே கோப்பை இப்ப உங்க ரத்தத்துல கிட்டத்தட்ட ரெண்டு கோப்பையா நிக்குது. நீங்க கோப்பையையும் கூட்டிட்டீங்க."

கில்சூ கேட்டார்: "நான் சிகரெட்டை விடாம இருந்திருந்தா?"

"இந்தப் பயம் வராமப் போயிருக்கலாம். நுரையீரல் கெட்டிருக்கும்."

"நுரையீரல் கெட நாளாகும்ல? ஓய்வு வயசுவரைக்கும் தாங்கியிருக்கும்."

மோ பேச்சைக் காபிக்குத் திருப்பினார்.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். அப்படியும் தலைவலி மண்டையைப் பிளந்தது. இத்தனை நாள் இருக்கை கிடைக்காமல் நின்ற களைப்பெல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்ததுபோல், சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தார். பிறகு ஒரு காலையில் எழுந்தபோது நெஞ்சு இருக்கிற இடமே தெரியவில்லை. மோ சொன்னபடி சாங்போக்கின் பஸ்ஸில் பயணியாக ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, அந்த வளைவைத் திரும்பத் திரும்பக் கடந்தார். முதலில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒரு கையால். அப்புறம் சாங்போக் பிரேக் போடும் விதத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்களுக்கு முழுசா குணமாயிடுச்சு" என்றான் சாங்போக். "தாங்க முடியல. இறங்குங்க."

சான்றில் மோ தெளிவாக எழுதியிருந்தார்: அதிக கஃபீனால் வந்த பதற்றம், காரணம் நீங்கியது, பஸ் ஓட்டத் தடையில்லை. கில்சூ அதைச் சலவை செய்த சீருடையில் போய்க் கொடுத்தார்.

பாங் முதல் வரியைத் தாண்டிப் படித்ததாகத் தெரியவில்லை. "மனநல மருத்துவமனையா?" என்றார்.

"கீழ படிங்க சார். காபியாலதான் வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க."

"காபி!" பாங் சிரித்தேவிட்டார். "தோ டிரைவரே, நான் குடிக்கிறேன். சாங்போக் குடிக்கிறான். இந்த நாட்ல எவன் குடிக்கல? எவன் பஸ்ஸும் நடுரோட்ல நிக்கலையே? இதைப் போய் வெளிய சொன்னா, காபி குடிச்சா பைத்தியம் பிடிக்கிற டிரைவரை வச்சிருக்கானுங்கன்னு நம்மளத்தான் சிரிப்பானுங்க."

"அவனுங்களுக்கு ஏன் ஒண்ணும் வரலைன்னா..." என்று ஆரம்பித்து கில்சூ நிறுத்தினார்.

"ஏன் வரல? சொல்லுங்க."

அவனுங்க இன்னும் சிகரெட் பிடிக்கிறானுங்க சார். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொன்னால் மோ எழுதியது எல்லாம் பொருந்திவிடும். கூடவே கொட்டகைக்குப் பின்னால் தேடுவார்கள். பலகை வாங்கிய கம்பெனியில் புகை பிடித்தவனுக்கு என்ன தண்டனை என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது. சாங்போக்குக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுமே பள்ளிக்கூடத்தில்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் கில்சூ.

"பாருங்க, உங்களுக்கே பதில் தெரியல" என்றார் பாங், வருத்தமாகவே. "இதய ஆஸ்பத்திரிச் சான்றா இருந்தா நான் எப்படியாவது பேசியிருப்பேன். இது... பயணிகள் பாதுகாப்பு. நீங்களா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா மரியாதையா போயிடும்."

கில்சூ எழுதிக் கொடுத்தார். மரியாதையாகவே வாசல்வரை வந்து அனுப்பினார் பாங்.

சாங்போக்குக்கு இது எதுவும் தெரியாது. "அண்ணன் கொஞ்சம் போராடியிருக்கலாம். நமக்கெல்லாம் ரோஷம் பத்தாது" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது கில்சூ காதுக்கும் வந்தது. அவர் திருத்தவில்லை. மல்சுன்தான் கொதித்தாள்.

"போய் அவன்கிட்ட சொல்லவா? உன் சிகரெட்டுக்காக என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கிட்டாருன்னு?"

"சொல்லி? அவன் சிகரெட்டை விட்டுட்டா? அப்புறம் அவன் பஸ்ஸும் அந்த வளைவுல நிக்கும்."

இப்போது கில்சூ மீன் ஏலக்கூடத்திலிருந்து கானாங்கெளுத்திப் பெட்டிகளை மலைமேல் இருக்கும் கடைகளுக்குக் கொண்டுபோகிறார். சின்ன லாரி, பின்னால் ஐஸ் நீர் ஒழுகிக்கொண்டே வரும். அந்த வேலைக்கு யாரும் சான்று கேட்கவில்லை. போகும் வழி அதே மலைச்சரிவுச் சாலைதான்; வேறு வழி கிடையாது. முன்னால் பஸ் போனால் அதன் பின்னாலேயே மெதுவாகப் போக வேண்டும். ஒருநாள் மல்சுன்னும் லாரியில் கூட வந்தாள். குளியல்கூட வளைவில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஒரே கையால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி, மாடிகளை ஒட்டி, தண்ணீர்த் தொட்டிகளை ஒட்டி, ஒரு பெட்டிகூட அசையாமல் லாரியைக் கொண்டுபோனார்.

கண்ணைத் திறந்த மல்சுன் கேட்டாள்: "இங்க வர்றப்ப இப்பவும் பயமா இருக்கா?"

"துளிகூட இல்ல" என்றார் கில்சூ. "அதான் வயிறு எரியுது."